பழைய யூனோஸின் பின்விளக்கு: பல்பு வாங்கும் முன் எர்த்தைப் பாருங்கள்

இங்கிலாந்தில் பழைய மாஸ்டா எம்.எக்ஸ்-5 என்று ஓடுகிறவற்றில் நிறைய, ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்த யூனோஸ் ரோட்ஸ்டர்கள். கார் ஒன்றுதான். 1989-இல் மாஸ்டா அதை ஜப்பானில் யூனோஸ் என்ற தனிப் பெயரில் விற்றது, அங்கே சில வருடம் ஓடியபின் இங்கே வந்து சேர்ந்தவை இவை. என்னுடையதும் அப்படி வந்ததுதான். ஜப்பானில் பின்பக்க ஃபாக் லைட் (மூடுபனியில் பின்னால் வருகிறவருக்குக் கார் தெரிவதற்கான பளிச்சென்ற சிவப்பு விளக்கு) கட்டாயமில்லை. இங்கே 1980 ஏப்ரல் 1 முதல் பயன்பாட்டுக்கு வந்த எந்தக் காருக்கும் குறைந்தது ஒன்றாவது வேண்டும், அதுவும் நடுவிலோ டிரைவர் பக்கத்திலோ இருக்க வேண்டும். அதனால் இறக்குமதியான காரில் யாரோ ஒருவர் அவசர அவசரமாக ஒரு சிவப்புப் பெட்டியை பம்பருக்கு அடியில் தொங்கவிட்டு, ஒயரை எங்கேயோ சொருகி அனுப்பியிருப்பார். என் தலைவலி எல்லாம் அந்த 'எங்கேயோ'வில்தான் இருந்தது.

அறிகுறி இதுதான். லைட் எதுவும் போடாமல் வலது இண்டிகேட்டரைப் போட்டால், அது மங்கலாக மினுக்கும், கூடவே வலது சிவப்பு விளக்கும் லேசாக மினுக்கும். இருட்டில் நன்றாகக் கவனித்தால் இடது பக்கச் சிவப்பும், டேஷ்போர்டு வெளிச்சமும்கூட அதே தாளத்தில் துடிக்கும். லைட்டைப் போட்டுவிட்டு பிரேக்கை மிதித்தால் இடது பக்கம் பளிச்சென்று எரியும், வலது பக்கம் ஏனோதானோ என்று எரியும். பார்த்த நண்பர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "பல்பை மாத்துப்பா." பல்பு மாற்றியும் அதேதான். இரண்டு இழை உள்ள 380 பல்பை இடதும் வலதுமாக மாற்றிப் போட்டுப் பார்த்தேன், மங்கல் வலது பக்கத்திலேயே நின்றது. அதோடு பல்பு விசாரணை முடிந்தது.

ஒரு விளக்கைப் போட்டால் சம்பந்தமில்லாத இன்னொரு விளக்கு மினுக்கினால் முதல் சந்தேகம் எர்த் மேல்தான், அதாவது கரண்ட் காரின் உடல் வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாதை மேல்தான் வர வேண்டும். ஏனென்றால் வலது பின்விளக்குப் பெட்டிக்குள் இருக்கும் இண்டிகேட்டர், பிரேக், டெயில் மூன்றும் ஒரே கருப்பு ஒயர் வழியாகத்தான் எர்த்துக்குப் போகின்றன. அந்த ஒயர் சரியில்லை என்றால் இண்டிகேட்டருக்கு வந்த கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல், பக்கத்தில் உள்ள டெயில் இழைக்குள் தலைகீழாக நுழைந்து, டெயில் லைட் ஒயர் வழியாக மேலேறி, இடது பக்க விளக்கின் நல்ல எர்த்தைத் தேடிப் போய்விடும். போகிற வழியில் உள்ள எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் எரியும். இடது விளக்கும் டேஷ்போர்டும் துடித்ததற்குக் காரணம் இதுதான்.

சந்தேகத்தை உறுதி செய்ய மல்டிமீட்டர் போதும். ஆனால் எல்லாரும் செய்வது போல ஓம் அளவில் வைத்து 'பீப்' சத்தம் கேட்டுவிட்டு எர்த் நல்லா இருக்கு என்று முடிவு செய்யக் கூடாது. ஒயரின் உள்ளே ஒரே ஒரு செம்பு நரம்பு ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும், 21 வாட் பல்பு எரிய அது போதாது. விளக்கு எரியும்போதே வோல்ட் அளக்க வேண்டும். இந்தக் காரில் பேட்டரி டிக்கிக்குள்ளேயே இருப்பதால் வேலை சுலபம்: மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறுமுனை பல்பு ஹோல்டரின் எர்த் தகட்டில். யாராவது பிரேக்கை மிதித்துப் பிடிக்க வேண்டும். என் மனைவி உள்ளே உட்கார்ந்து "இன்னும் எவ்வளவு நேரம்ங்க மிதிச்சுட்டே இருக்கணும்?" என்று கேட்டபோது மீட்டர் 3.4 வோல்ட் காட்டிக்கொண்டிருந்தது. நல்ல எர்த்தில் இது பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும், 0.1-க்கு மேல் போனாலே யோசிக்கலாம். அதாவது பேட்டரி கொடுக்கும் 12 சொச்சத்தில் கால்வாசிக்கும் மேல் பல்புக்கு வராமல் அந்த ஒயரிலேயே தொலைந்துகொண்டிருந்தது.

டிக்கியின் உள்பக்க மறைப்பைக் கழற்றி கருப்பு ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனேன். விளக்குக்கு ஒரு சாண் தள்ளி நீல நிற பிளாஸ்டிக் கிளிப் ஒன்று. ஒயரை வெட்டாமலே இன்னொரு ஒயரை இணைக்க, இடுக்கியால் ஒரு அழுத்து அழுத்திப் பூட்டுகிறார்களே, அதேதான். ஃபாக் லைட்டின் எர்த்தை அதில் கோத்திருந்தார்கள். அந்தக் கிளிப்பின் உள்ளே இருக்கும் தகடு ஒயரின் தோலைக் கிழிக்கும்போது செம்பு நரம்புகளில் சிலவற்றையும் சேர்த்து அறுத்துவிடும், அப்புறம் அந்தக் கிழிசல் வழியாக ஈரம் இறங்கும். இந்தக் காரின் டிக்கியில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. பின்விளக்கைச் சுற்றியுள்ள ஸ்பாஞ்ச் கேஸ்கெட் கிழடானால் மழைத்தண்ணீர் நேராக உள்ளேதான் வரும். கிளிப்பைப் பிரித்தபோது ஒயர் பச்சைப் பொடியாக என் விரலில் உதிர்ந்தது. மிச்சமிருந்தது நாலைந்து நரம்பு.

கெட்ட பகுதியை முழுதாக வெட்டியெடுத்து, செம்பு பளபளப்பாகத் தெரியும் இடம் வரை போய், புது ஒயர் வைத்து கிரிம்ப் அடித்து (உலோகக் குழலை நசுக்கி இணைத்து), உள்ளே பசை தடவிய, சூடாக்கினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டேன். எர்த் போல்டைக் கழற்றி அடியில் உள்ள பெயிண்டைச் சுரண்டிவிட்டு மறுபடி முறுக்கினேன். திரும்ப அளந்தால் 0.04. மினுக்கல், துடிப்பு எல்லாம் போச்சு.

சரி, இதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்தத் தொங்கும் பெட்டி எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. இந்தக் காரின் பின்விளக்கு நியூயார்க்கில் உள்ள நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் டிராக்டரிலிருந்து கழற்றிய மாதிரி ஒரு சிவப்பு டப்பா! சிலர் வலது ரிவர்ஸ் லைட்டுக்குள் சிவப்பு பல்பு போட்டு அதையே ஃபாக் லைட் ஆக்குகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் ஃபாக் லைட்டுக்கும் பிரேக் லைட்டுக்கும் நடுவே குறைந்தது 100 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும் என்று சட்டம், இவ்வளவு சின்னப் பின்விளக்குப் பெட்டிக்குள் அந்த வம்பு எதற்கு? ஈ-மார்க் என்ற அங்கீகார முத்திரை உள்ள மெல்லிய எல்.இ.டி. ஃபாக் லைட் ஒன்றை வாங்கி, பம்பரின் கீழ் விளிம்பை ஒட்டி வலது பக்கம் பொருத்தினேன். இரண்டடி தள்ளி நின்றால் அது இருப்பதே தெரியாது.

ஒயரிங்கில் ஒரே விதிதான் வைத்துக்கொண்டேன்: பின்விளக்கின் எந்த ஒயரையும் தொடக் கூடாது. பேட்டரியிலிருந்து 5 ஆம்பியர் பியூஸ் வழியாக ரிலேயின் (சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்; அதன் முனைகளுக்கு எண்கள் உண்டு) 30-க்கு, 87-லிருந்து விளக்குக்கு, விளக்கின் எர்த் தனி போல்டுக்கு. 86-க்கு வரும் சிக்னல் மட்டும் டேஷ்போர்டு சுவிட்சிலிருந்து. அந்த சுவிட்சுக்கு சப்ளை லோ பீம் ஒயரிலிருந்து. 85 எர்த்துக்கு. அதனால், மடங்கிக் கிடக்கும் ஹெட்லைட் எழுந்து நின்று எரிந்தால்தான் ஃபாக் லைட் எரியும். சுவிட்சுக்குள்ளேயே ஒரு ஆரஞ்சு விளக்கு இருக்கிறது. ஃபாக் லைட் எரிவதைக் காட்டும் விளக்கு டிரைவர் கண்ணில் படுகிறதா என்று எம்.ஓ.டி. என்ற வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனையில் பார்ப்பார்கள். டிக்கியிலிருந்து டேஷ்போர்டு வரை ஒயரைக் கம்பளத்துக்கு அடியில் கொண்டுபோனதுதான் முதுகை ஒடித்தது, மற்றபடி சுலபம்.

எல்.இ.டி. பல்பு ஆசையும் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். இண்டிகேட்டரில் போட்டதும் டிக்டிக்டிக் என்று பறக்க ஆரம்பித்தது. இண்டிகேட்டரை மினுக்க வைக்கும் பழைய ஃபிளாஷர், கரண்ட் குறைந்தால் பல்பு ஃபியூஸ் ஆகிவிட்டது என்று நினைத்து வேகமாக அடிக்கும். நிமிடத்துக்கு 60-லிருந்து 120-க்குள் அடிக்காவிட்டால் எம்.ஓ.டி.யில் ஃபெயில். இதற்கு 6 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்க்கச் சொல்வார்கள். அது 24 வாட்டை வெறும் சூடாகக் கக்கும், பிளாஸ்டிக் பக்கம் வைத்தால் உருகும். மின்சாரம் மிச்சம் என்று எல்.இ.டி. வாங்கிவிட்டு அதை ரெசிஸ்டரில் எரிப்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை. ஃபிளாஷரையே எலக்ட்ரானிக்காக மாற்றுவதுதான் முறை. பிரேக்கில் போட்ட வெள்ளை எல்.இ.டி. சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் சோகையாகத் தெரிந்தது, வெள்ளை எல்.இ.டி.யில் சிவப்பு ஒளி குறைவு. சிவப்பு எல்.இ.டி. போட்டால் நிறம் சரி, ஆனால் டெயிலுக்கும் பிரேக்குக்கும் வெளிச்ச வித்தியாசம் போதவில்லை. பின்னால் வருகிறவன் நான் பிரேக் பிடித்ததைக் கவனிக்காமல் போனால் அழகு எதற்கு? எல்லாவற்றையும் கழற்றிவிட்டு சாதா 380, 382 (ஒற்றை இழை) பல்புகளையே போட்டேன். எர்த் சரியான பிறகு அவையே போதுமான அளவு பளிச்சென்று எரிகின்றன.

எம்.ஓ.டி. சோதித்தவர் ஃபாக் லைட்டைத் தேடிக் குனிந்தார், பார்த்தார், டிக் அடித்தார். புது கேஸ்கெட் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். இடது பக்கம் போட்டாயிற்று, வலது பக்கம் மழை விட்டதும் போட வேண்டும். இறக்குமதி யூனோஸ் வைத்திருப்பவர்கள் இந்த வாரம் ஒருமுறை டிக்கி மறைப்பைக் கழற்றி, அந்த நீலக் கிளிப் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.