பார்க்காத நாளுக்குக் கோடு

என் மனைவியின் தம்பி முப்பது வருடம் வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த எண்ணையும் சுலபத்தில் நம்ப மாட்டார். எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில், காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே, வாரம் இரண்டு வீடியோவாவது அனுப்புவார். எல்லாவற்றுக்கும் சாரம் ஒன்றுதான்: பூமி சூடாகிறது என்பது பித்தலாட்டம். அனுப்பிவிட்டு எனக்கென்று கீழே ஒரு வரி இருக்கும். "அத்தான், உங்க டிபார்ட்மென்ட் ஆளுங்க இதுக்கு என்ன சொல்றாங்க?"

டிபார்ட்மென்ட் என்பது பெரிய வார்த்தை. தெற்கே ஒரு கரிசல் ஊரில், வேளாண் பண்ணை ஒன்றின் மூலையில், கம்பி வேலி போட்ட சின்னச் சதுரத்துக்குள் நான் வேலை பார்த்தேன். வானிலை அப்சர்வர். காலை ஏழு மணிக்கு ஒருமுறை, மதியம் இரண்டு மணிக்கு ஒருமுறை வெப்பமானிகளைப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். காலை எட்டரைக்கு மழைமானி. ஞாயிறு, தீபாவளி, மைத்துனர் கல்யாணம் எதற்கும் விலக்கு இல்லை. அவருடைய கல்யாணத்துக்கு முகூர்த்தம் முடிந்த பிறகுதான் போனேன். இன்னும் சொல்லிக் காட்டுவார்.

வேலையைச் சொல்லிக்கொடுத்தவரை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிப் படிப்பைத் தாண்டாதவர். வேலிக்குள் நாலடி உயரக் கால்களில் நிற்கும், வெப்பமானிகள் வைத்த வெள்ளைப் பெட்டிக்குக் கதவு ஏன் வடக்குப் பார்த்து வைத்திருக்கிறது, காற்றின் ஈரத்தை அறிய வைத்த ஈரக் குமிழ் வெப்பமானிக்கு ஏன் துணி சுற்றித் திரி போடுகிறோம் என்பதையெல்லாம் இரண்டே நாளில் புரியவைத்தார். "மண்பானைத் தண்ணி ஏன் குளுருது? அதேதான் தம்பி." பெட்டியைத் திறந்ததும் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணை முதலில் படிக்க வேண்டும், முழு டிகிரியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பார். நம் உடம்புச் சூடும் மூச்சும் பட்டு முதலில் நகர்வது அந்தத் தசமம்தான். எங்களுக்கு முதல் பாடமே எங்களை நாங்கள் சந்தேகப்படுவதுதான்.

பாடம் முழுதாக ஏறவில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு மதியம் மூட்டமாக இருந்தது. கேன்டீனில் பேச்சு சுவாரசியமாகப் போய்க்கொண்டிருந்தது. நேற்று 34.5, இன்று கொஞ்சம் மேகம், 34.2 இருக்கும் என்று உட்கார்ந்த இடத்திலேயே எழுதிவிட்டேன். மறுநாள் காலையில் அதிகபட்ச வெப்பமானி 33.6 காட்டியது. அதையும் ஒழுங்காக எழுதினேன். நாள் முழுவதற்குமான உச்சமே 33.6 என்றால் இரண்டு மணிக்கு 34.2 எப்படி வந்திருக்கும்? எனக்கு அது உறைக்கவில்லை. மாதக் கடைசியில் படிவத்தைச் சரிபார்த்த இடத்தில் உறைத்திருக்கிறது. மெமோ வந்தது. அண்ணாச்சி திட்டவில்லை. "பாக்கலேன்னா கோடு போடு. எண்ணு போடாதே" என்று மட்டும் சொன்னார். அவமானத்தில் இரண்டு நாள் கேன்டீன் பக்கமே போகவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மைத்துனரின் வீடியோக்களில் அடிக்கடி வரும் குற்றச்சாட்டு ஒன்று இருக்கிறது: 'பழைய வெப்பநிலைக் கணக்குகளைத் திருத்திவிட்டார்கள்.' மற்றதெல்லாம் எனக்குச் சிரிப்பு. இது மட்டும் குத்தும். ஏனென்றால் என் கணக்கையும் திருத்தினார்கள்.

எங்கள் நிலையம் முதலில் கிணற்றை ஒட்டி, வேப்பமரங்களுக்குப் பக்கத்தில் இருந்தது. பண்ணைக் கட்டடம் விரிந்தபோது வேலியைப் பிடுங்கித் திறந்த கரிசல் நிலத்தில் நட்டார்கள். இரண்டு இடத்துக்கும் நடை தூரம்தான். ஆனால் மதிய வெப்பம் அரை டிகிரிக்கு மேல் ஏறிப்போனது. ஊர் சூடாகவில்லை, பெட்டிதான் இடம் மாறியது. பல வருடம் கழித்து ஓர் ஆராய்ச்சி மாணவி மடிக்கணினியுடன் வந்தாள். எங்கள் நிலையத்தின் வெப்பநிலை வரைபடத்தைக் காட்டினாள். நான் எழுதியது ஒரு கோடு, திருத்தியது இன்னொரு கோடு. எனக்குச் சுரீரென்று வந்துவிட்டது. சித்திரை வெயிலில் நின்று நான் எழுதியதை ஏசி அறையில் உட்கார்ந்து நீங்கள் மாற்றுவீர்களா? கிட்டத்தட்ட மைத்துனர் மாதிரிதான் பேசினேன்.

அந்தப் பெண் பொறுமைசாலி. "சார், இந்த மாசத்துல ஏதோ நடந்திருக்கு. பழைய ரிஜிஸ்டர் இருக்கா?" என்றாள். பரணிலிருந்து தூசு தட்டி எடுத்தோம். அவள் சொன்ன அதே மாதப் பக்கத்தில், குறிப்புக் கட்டத்தில், என் கையெழுத்திலேயே இருந்தது: 'நிலையம் இடமாற்றம் செய்யப்பட்டது.' ரிஜிஸ்டரைப் பார்க்காமலேயே அதை அவள் கண்டுபிடித்தது எப்படி? சுற்றுவட்டார நிலையங்களோடு ஒப்பிட்டுத்தான். எல்லா ஊரும் ஒன்றாக ஏறி இறங்கும்போது எங்கள் ஊர் மட்டும் ஒரு மாதத்தில் படி ஏறி, அப்புறம் மேலேயே நின்றால், அது வானிலை இல்லை. அந்தப் படியைச் சமன் செய்தால் எங்கள் ஊரின் சூடேற்றம் கூடாது, குறையத்தான் செய்யும். என் கோபத்தில் இதை நான் கவனிக்கவே இல்லை.

திருத்தினாலே சூட்டைக் கூட்டத்தான் என்பது பலருடைய எண்ணம். அமெரிக்காவில் திருத்தம் சூடேற்றத்தைக் கூட்டியது உண்மைதான். அங்கே பல ஊர்களில் தன்னார்வலர்கள்தான் வெப்பமானி பார்த்தார்கள். முன்பு சாயங்காலம் பார்த்தவர்கள் பிற்பாடு காலைக்கு மாறினார்கள். சாயங்காலம் அதிகபட்ச வெப்பமானியை மறுபடி சரிசெய்து வைத்தால், கொளுத்திய நாளின் சூடு அப்போதும் மிச்சம் இருக்கும். மறுநாள் குளிர்ந்த நாளாகவே இருந்தாலும் நேற்றைய மிச்சமே உச்சமாக நின்றுவிடும். ஒரே வெயிலை இரண்டு நாள் கணக்கில் வைப்பது மாதிரி. காலைக்கு மாறியதும் அந்தப் போலிச் சூடு போய்விட்டது, ஊர் குளிர்ந்ததுபோலத் தெரிந்தது. அதைச் சரிசெய்யாமல் விட்டால்தான் தப்பு.

கடல் கதை இதற்கு நேர் எதிர். பழைய கப்பல்களில் கடல்நீரைக் கித்தான் வாளியில் மேலே இழுத்து வெப்பம் பார்த்தார்கள். காற்றில் ஈரம் ஆவியாகி வாளி குளிர்ந்துவிடும். அண்ணாச்சியின் மண்பானைதான். பிற்காலத்தில் இயந்திரத்துக்குள் இழுக்கும் நீரில் பார்த்தார்கள், அது அப்படிக் குளிராது. ஆகவே பழைய எண்களை ஏற்ற வேண்டியிருந்தது. பழையதை ஏற்றினால் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். பூமியில் பெரும்பகுதி கடல் என்பதால், எல்லாத் திருத்தத்தையும் கூட்டிக் கழித்தால் நூற்றாண்டுச் சூடேற்றம் திருத்தாத கணக்கைவிடச் சற்றுக் குறைவாகவே வருகிறது. இதைச் சொன்னபோது மைத்துனர் ஒரு நாள் முழுக்கக் குழுவில் எதுவும் போடவில்லை. மறுநாள் வேறு வீடியோ வந்தது.

நகரச் சூடு பற்றி அவர் கேட்டது நல்ல கேள்வி. காங்கிரீட்டும் தாரும் இரவில் சூட்டைக் கக்கும். வெப்பமானியைச் சுற்றி ஊர் வளர்ந்தால் கணக்கு கெடத்தானே செய்யும்? கெடும். எங்கள் வேலிக்குப் பக்கத்திலேயே ஜீப் நிறுத்துவார்கள், நான் சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் இதைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். காற்று பலமாக அடிக்கும் இரவில் நகரச் சூடு கலைந்துவிடும். சூடேற்றம் வெறும் நகரச் சூடு என்றால், காற்றில்லாத இரவுகளில் அதிகமாகவும் காற்றடிக்கும் இரவுகளில் குறைவாகவும் தெரிய வேண்டும். டேவிட் பார்க்கர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் உலகெங்கும் உள்ள நிலையங்களை அப்படிப் பிரித்துப் பார்த்து 2004இல் எழுதினார். இரண்டு வகை இரவுகளும் ஒரே அளவில்தான் சூடாகியிருந்தன. எவ்வளவு எளிய யோசனை! முப்பது வருடம் காற்றின் வேகத்தையும் வெப்பத்தையும் ஒரே பக்கத்தில் எழுதியவன் நான், எனக்குத் தோன்றவில்லையே என்று பொறாமையாகக்கூட இருந்தது.

சந்தேகப்பட்டவர்களில் எனக்குப் பிடித்தவர் ரிச்சர்ட் முல்லர். பெர்க்லியில் இயற்பியல் பேராசிரியர். பழைய கணக்குகளில் நம்பிக்கை இல்லாமல், தானே ஒரு குழு சேர்த்து, பல்லாயிரம் நிலையங்களின் எண்களை முதலிலிருந்து கணக்குப் போட்டார். பணம் கொடுத்தவர்களில் எண்ணெய்த் தொழில் செல்வந்தர் சார்லஸ் கோக்கின் அறக்கட்டளையும் உண்டு. அவருக்கும் அதே கோடுதான் வந்தது. சூடேற்றம் உண்மை, காரணம் ஏறக்குறைய முழுவதும் மனிதர்களே என்று 2012இல் பகிரங்கமாக எழுதினார். இதற்கு முந்தைய காலத்தில் ஆட்டம் தலைகீழாக இருந்தது. 1938இல் லண்டனில், 147 நிலையங்களின் எண்களைக் கையால் கணக்கிட்டு, கரியமில வாயுவால் உலகம் சூடாகிறது என்று சொன்ன கய் காலண்டர் ஒரு நீராவிப் பொறியாளர், வானிலைத் துறைக்கு வெளியாள். நம்ப மறுத்தவர்கள் துறையின் பெரிய தலைகள். அவர்களில் ஒருவரான ஜார்ஜ் சிம்ப்சன் இளமையில் சிம்லாவில் இந்திய வானிலைத் துறையில் வேலை பார்த்தவர். ஆக, 'பெரிய ஆட்கள் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார்கள்' என்பது பொருந்தாது. பெரிய ஆட்கள்தான் கடைசியாக நம்பினார்கள்.

"சூரியன் கூடக் காரணமா இருக்கலாமே அத்தான்?" எங்கள் வேலிக்குள் ஒரு கண்ணாடி உருண்டை உண்டு. வெயில் அதன் வழியாகக் குவிந்து, கீழே உள்ள அட்டையில் கோடாகக் கருக்கும். கோட்டின் நீளம்தான் அன்றைய வெயில் நேரம். தூசும் புகையும் கூடிய இந்தக் காலத்தில், நாட்டின் பல நிலையங்களில் அந்தக் கோட்டின் நீளம் குறைந்துதான் வந்திருக்கிறது. தரைக்கு வரும் வெயில் குறைகிறது, வெப்பம் ஏறுகிறது. மேலே செயற்கைக்கோள்கள் 1978 முதல் சூரியனை அளக்கின்றன. பதினோரு வருடத்துக்கு ஒருமுறை லேசாக ஏறி இறங்குகிறதே தவிர, கூடிக்கொண்டே போகவில்லை.

நம் பக்கத்திலும் ஓட்டை உண்டு. ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழு 2007 அறிக்கையில், இமயமலைப் பனிப்பாறைகள் 2035க்குள் மறைந்துவிடக்கூடும் என்று எழுதியது. ஆதாரம் பார்த்தால், முறையான மதிப்பாய்வுக்குப் போகாத ஓர் அறிக்கை. அவ்வளவு பனி அவ்வளவு சீக்கிரம் உருகாது என்பது பனிப்பாறை ஆய்வாளர்களுக்குத் தெரியும். இமயமலைப் பனிப்பாறைகள் பற்றி இங்கே 2009இல் வெளியான மாற்றுக் கருத்தை, அந்தக் குழுவின் தலைவர் பச்சௌரி 'மந்திரவாத அறிவியல்' என்று எள்ளினார். இரண்டே மாதத்தில், 2010 ஜனவரியில், 2035 தவறு என்று அவருடைய குழுவே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. எனக்கு என் மெமோதான் ஞாபகம் வந்தது. தப்பான எண்ணைவிட அந்த எள்ளல்தான் அதிகக் கெடுதல் செய்தது என்பேன். இன்றும் மைத்துனர் அனுப்பும் வீடியோக்களில் பாதியில் அந்த 2035 வருகிறது.

தொலைக்காட்சிக்காரர்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. அன்று மாலையே, 'காலநிலை மாற்றத்தின் விளைவு' என்று ஒருவர் திரையில் முடிவாகச் சொல்லிவிட்டார். ஒரு டிகிரி கூடினால் காற்று ஏறக்குறைய ஏழு சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும், அதனால் கொட்டும் மழை இன்னும் பலமாகக் கொட்டலாம் என்று சொன்னால் சரி. இந்த மழை இதனால்தான் என்று ஒரே நாளில் அடித்துச் சொல்ல முடியாது. நாளைக்கு மழை சொல்லத் தெரியாதவர்கள் நூறு வருடத்தைச் சொல்வதா என்று கேட்பவர்களுக்கு நாமே தீனி போடுகிறோம். அக்னி நட்சத்திரத்தில் எந்த நாள் அதிகம் கொளுத்தும் என்று என்னால் சொல்ல முடியாது. மார்கழியைவிடக் கொளுத்தும் என்று என் பென்ஷனைப் பந்தயம் வைப்பேன்.

2024 மே 29 அன்று டெல்லி முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி பதிவானதாக ஊரெல்லாம் செய்தி. பிறகு சோதித்துப் பார்த்து, அந்தத் தானியங்கிக் கருவி சுமார் மூன்று டிகிரி கூட்டிக் காட்டியது என்று வானிலைத் துறையே சொன்னது. மைத்துனர் வெற்றிக் களிப்பில் போன் செய்தார். "பாத்தீங்களா, எல்லாம் பொய்."

"பொய்னு கண்டுபிடிச்சது யாரு?" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "நானே அளந்து பாக்கறேன்" என்றார்.

சொன்னபடி ஒரு வெப்பமானி வாங்கி மாடியில் மேற்குச் சுவரில் மாட்டி, 47 என்று போட்டோ அனுப்பினார். வெயில் நேராக விழும் சுவரில் மாட்டினால் அது சுவரின் சூடு என்று நாலு நாள் வாதாடி, நிழலான வடக்குப் பக்கத்துக்கு மாற்ற வைத்தேன். ஒரு நோட்டும் போடச் சொன்னேன். கணக்குப் பார்த்த கை அல்லவா, கட்டம் போட்டுச் சிவப்பு மையில் தலைப்பு எழுதிவிட்டார். செய்தியில் வரும் எண் ஒரு டிகிரி குறைவாக வந்தால், "உங்க ஆளுங்க குறைச்சுட்டாங்க" என்பார். கூட வந்தால் "கூட்டிட்டாங்க."

போன வாரம் ராத்திரி போன் வந்தது. குரல் வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது.

"அத்தான், இன்னைக்கு மதியம் ஒரு சீமந்தத்துக்குப் போயிட்டேன். ரீடிங் பாக்கலை. நேத்து 36 இருந்துச்சு. 36னே போட்டுக்கவா?"

"வேண்டாம் மாப்ள. கோடு போடு."

"கட்டம் அசிங்கமா இருக்குமே."

"இருக்கட்டும்."

மறுநாள் காலை நோட்டின் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். கோட்டை ஸ்கேல் வைத்துப் போட்டிருக்கிறார். அதற்குக் கீழேயே ஒரு புது வீடியோவும் வந்திருக்கிறது, இன்னும் திறக்கவில்லை.