எம்.எஸ்சி. ஓ.பி.ஜி. எடுக்கட்டுமா மேடம்?

போன வாரம் சர்டிபிகேட் வேலையாகக் கிண்டியில் யுனிவர்சிட்டிக்குப் போய்விட்டு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். என்னிடம் படித்த பெண் ஒருத்தி போன் செய்தாள். பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஒரு வருஷம் வேலை பார்த்துவிட்டாள், இப்போது எம்.எஸ்சி. சேர வேண்டும், "ஓ.பி.ஜி. எடுக்கட்டுமா மேடம்? எனக்கு டெலிவரி பார்க்கத்தான் பிடிக்கும்" என்கிறாள். ஓ.பி.ஜி. என்றால் மகப்பேறு, மகளிர் நல நர்சிங். எடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் படித்ததும் அதைத்தான். இரண்டு வருஷப் படிப்பில் பாதி உயிரை வாங்கியது டிசர்டேஷன். முதல் பிரசவத் தாய்மார்களுக்கு ஒரு சார்ட், நாலு ஃபிளாஷ் கார்டு, முன்னால் ஒரு கேள்வித்தாள், பின்னால் அதே கேள்வித்தாள், மார்க் கூடியிருந்தால் பயிற்சி பயனுள்ளது என்று முடிவு. (கூடாமல் போன தீசிஸ் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.) அப்புறம் பாடம் எடுப்பது எப்படி, நிர்வாகம் செய்வது எப்படி. வெளியே வந்தால் டியூட்டர் வேலை. அதற்குப் பிறகு நான் லேபர் வார்டுக்குள் போனதெல்லாம் மாணவிகள் தாங்கள் பார்த்த பிரசவங்களை எழுதும் கேஸ் புக்கில் கையெழுத்துப் போடத்தான்.

கேஸ் புக் என்றதும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பி.எஸ்சி.யில் எங்களுக்கு 20 நார்மல் டெலிவரி கணக்கு. ஒரு அம்மாவுக்குத் தலை தெரிய ஆரம்பித்தால் போதும், ஹவுஸ் சர்ஜன், டாக்டர் பி.ஜி., ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமோ பிள்ளைகள், நாங்கள், வேறு காலேஜ்காரர்கள் என்று கட்டிலைச் சுற்றி கிளவுஸ் போட்ட கைகளே ஒரு டஜன் இருக்கும், யார் கை முந்துகிறதோ அவர்களுக்குக் கேஸ், மற்றவர்கள் தொப்புள்கொடிக்கு கிளாம்ப் போட்டதையும் நஞ்சு வந்ததைப் பார்த்ததையும் கணக்கில் சேர்த்துக்கொள்வோம். முதல் பிரசவம் என்றாலே யோசிக்காமல் பிறப்பு வழியில் கத்தரி வைத்து தையல் போடுவார்கள், அதுவும் ஒரு கணக்கு. நான் 20 எழுதினேன். முழுக்க என் கையில் பிறந்தது 4. ஆனாலும் நர்சிங் கவுன்சிலில் பதிந்ததும் பெயருக்குப் பின்னால் ஆர்.என்., ஆர்.எம். என்று வந்துவிட்டது. ஆர்.என். என்றால் பதிவு பெற்ற நர்ஸ், அந்த ஆர்.எம். என்பது பதிவு பெற்ற மருத்துவச்சி!

அமெரிக்காவில் நர்ஸ் மிட்வைஃப் ஆவதற்கு 2010 முதல் முதுகலைப் பட்டம் கட்டாயம். அங்கே அந்தப் பட்டம் ஆளைப் பிரசவ அறைக்குள் கொண்டுபோகிறது. படித்து, சான்றிதழ்த் தேர்வு எழுதி, கர்ப்பிணியைத் தானே பார்த்து, மருந்து எழுதி, பிரசவமும் பார்க்கிறார்கள். நம் எம்.எஸ்சி. அதே அறையிலிருந்து ஆளை வெளியே கொண்டுவந்து கரும்பலகை முன்னால் நிறுத்துகிறது. இத்தனைக்கும் 1854-லேயே மருத்துவச்சிகளுக்குப் பயிற்சிப் பள்ளி வைக்க அரசு அனுமதி கொடுத்த ஊர் நம் மெட்ராஸ்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட மிட்வைஃபரி வழிகாட்டுதல்படி, நர்ஸ் படிப்பு முடித்தவர்கள் 18 மாதம் பயிற்சி எடுத்து 'நர்ஸ் பிராக்டிஷனர் இன் மிட்வைஃபரி' ஆகலாம். சிக்கல் இல்லாத பிரசவத்தை மிட்வைஃபே பொறுப்பெடுத்துப் பார்ப்பார், சிக்கல் என்று தெரிந்தால் டாக்டரிடம் அனுப்புவார். தெலங்கானா 2017-லேயே இப்படி ஒரு பயிற்சியை ஆரம்பித்துவிட்டது. தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான், சரி, பெருமைதான். ஆனால் ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் நம் சிசேரியன் 44.9 சதவீதம். வலியோடு இருப்பவள் பக்கத்தில் உட்கார்ந்து, இடுப்பைத் தேய்த்துவிட்டு, நடக்க வைத்து, குந்த வைத்து, அவசரப்படாமல் காத்திருக்கத் தெரிந்த ஆள் நம் வார்டுகளில் எத்தனை பேர்? தெரிந்தாலும் அதற்கு நேரம் எங்கே, ஒரு நைட்டில் ஒரு சிஸ்டர் எத்தனை கட்டிலுக்கு ஓடுவாள்?

இதையெல்லாம் போனில் கொட்டிவிட்டு, பாடம் எடுக்க ஆசை இருந்தால் எம்.எஸ்சி. போ, பிரசவம் பார்க்க ஆசை என்றால் அந்த 18 மாதப் பயிற்சியை விசாரி, எதுவானாலும் முதலில் உன் கேஸ் புக்கை எடுத்து உண்மையிலேயே நீ பார்த்தது எத்தனை என்று எண்ணிச் சொல் என்றேன்.

ராத்திரி வாட்ஸ்அப்பில் வந்தது: "6 மேடம்."

என்னைவிட இரண்டு அதிகம்.