சொலானாவில் அனுப்பும் முன் ஓர் ஒத்திகை

எத்தீரியம், சொலானா இரண்டும் பிளாக்செயின்கள். எத்தீரியத்தில் கேஸ் லிமிட்டை, அதாவது ஒரு பரிவர்த்தனை எவ்வளவு கணக்கீட்டு வேலை வரை செய்யலாம் என்ற வரம்பை, தாராளமாக வைக்கலாம். செலவாகாத கேஸுக்குக் காசு பிடிக்க மாட்டார்கள். சொலானா அப்படியில்லை. பரிவர்த்தனையில் ஒரு கையெழுத்துக்கு 5,000 லாம்போர்ட் (சொலானா நாணயத்தின் மிகச் சிறிய அலகு), அது சில்லறை. ஆனால் முன்னுரிமைக் கட்டணம் (சீக்கிரம் ஏற்றச் சொல்லிக் கூடுதலாகத் தருவது) நாம் கேட்ட கம்ப்யூட் யூனிட்டுக்கு (கணக்கீட்டு வேலையை அளக்கும் அலகு), பயன்படுத்தியதற்கு அல்ல. உச்சவரம்பான 14 லட்சத்தைக் கேட்டுவிட்டு 30 ஆயிரத்தில் வேலை முடிந்தாலும் முழுசுக்கும் பில். சாப்பிடாத இலைக்கும் காசு வாங்குகிற மெஸ் மாதிரி!

அதனால் முதலில், ஒத்திகை பார்ப்பதற்கென்றே இருக்கும் சிமுலேட் டிரான்சாக்‌ஷனில் ஓட்டிப் பார்த்துவிடுவேன். நோடு (சொலானா நெட்வொர்க்கில் உள்ள ஒரு கணினி) நம் பரிவர்த்தனையைச் செயினில் ஏற்றாமலே இயக்கி, எத்தனை யூனிட் ஆனது, எங்கே இடிக்கிறது என்று லாகோடு (இயங்கிய பதிவோடு) சொல்லிவிடும். கையெழுத்துகூட வேண்டாம். வந்த எண்ணோடு ஒரு பத்து சதவீதம் கூட்டி லிமிட் வைப்பது என் வழக்கம். ரொம்ப இறுக்கினால் ஆபத்து: ஒத்திகைக்கும் அனுப்புவதற்கும் இடையில் அக்கவுண்ட் நிலை (செயினில் உள்ள தரவு) மாறினால் யூனிட் பத்தாமல் தோற்கும், கட்டணமும் போகும்.