லெந்து நாட்களும் என் லேப் நோட்டும்

2025 மார்ச் 5, புதன்

இன்று சாம்பல் புதன், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து தொடங்கும் நாள். ஈஸ்டர் ஏப்ரல் 20. நடுவில் வரும் 6 ஞாயிறுகளைக் கழித்தால் சரியாக 40 நாள். காலைச் சாப்பாட்டை விட்டாயிற்று, போனிலிருந்து இன்ஸ்டாகிராமையும் எடுத்துவிட்டேன். சர்ச் வாலிபர் ஐக்கியத்தில் வருஷாவருஷம் விடச் சொல்வதும் இவைதான்: போன், சினிமா, கூடாத சிநேகம். சொல்ல வேண்டியதுதான்.

மார்ச் 7, வெள்ளி

மத்தியானம் கெமிஸ்ட்ரி லேப், பெர்மாங்கனேட் டைட்ரேஷன், அதாவது ஒரு கரைசலோடு வினைபுரிய இன்னொன்று எவ்வளவு வேண்டும் என்று அளக்கும் சோதனை. ஆக்சாலிக் அமிலக் கரைசலை 60, 70 டிகிரிக்குச் சூடாக்கி, ப்யூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வெளிர் இளஞ்சிவப்பு நிலைத்ததும் நிறுத்த வேண்டும். எனக்கு மூன்று தடவையும் நிறம் அடர்த்தியாகிவிட்டது, ஒரு ரீடிங் இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை. நேரமாகிறதே என்ற பதற்றத்தில் பக்கத்தில் நின்ற தோழியின் நோட்டை வாங்கி 18.4, 18.4 என்று எழுதி, கீழே இருந்த கணக்கையும் எழுதினேன். பெருக்கலில் அவள் விட்டிருந்த பிழையையும் சேர்த்து!

மேடம் இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்து, யார் யாரைப் பார்த்து எழுதியது என்று கேட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு அவள் நோட்டில் சிவப்புக் கோடு போட்டு, பூஜ்யம் என்று எழுதினார்கள்.

கோரிப்பாளையம் வரை பேசாமல் நடந்து வந்தோம். மாட்டுத்தாவணி பஸ் வந்தபோதுதான், "நீ சர்ச்சுக்குப் போற பொண்ணு, பொய் சொல்ல மாட்டேன்னு மேடம் நினைச்சிருப்பாங்க" என்றாள். கோபமாகக்கூட இல்லை. ஏறிப் போய்விட்டாள், அங்கே இறங்கி மேலூர் பஸ் பிடிக்க வேண்டும் அவளுக்கு. நான் வாயே திறக்கவில்லையே, பிறகு எங்கே பொய் சொன்னேன் என்று வீடு வரை எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். இயேசுவின் பேரை வைத்தல்லவா தப்பித்திருக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று சர்ச்சில் திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும் வாங்கும் நாள். காணிக்கை செலுத்த வந்த இடத்தில், சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று மத்தேயு 5-ல் இருக்கிறது. சண்டே ஸ்கூலில் ஒப்பித்துப் பரிசு வாங்கிய வசனம். எனக்கு அவள்மேல் குறை இருக்கிறதா என்று அது கேட்கவில்லை, அவளுக்கு என்மேல் இருக்கிறதா என்றுதான் கேட்கிறது. பந்திக்குப் போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்ததும், "காலேஜ்ல என்ன பண்ணிட்டு வந்த?" என்றார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். "என்கிட்ட அழுது என்ன, அந்த மேடம்கிட்டப் போய்ச் சொல்லு" என்று சொல்லிவிட்டு மீன் கழுவப் போய்விட்டார்கள்.

மார்ச் 10, திங்கள்

முதலில் அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "இதை அன்னைக்கே அங்கேயே சொல்லியிருக்கலாம்ல?" பதில் இல்லை என்னிடம். அப்புறம் மேடத்தின் அறை. கைகால் நடுங்கியது, அதை மறைக்க மாட்டேன். காட்டியதும் தப்புதான் என்று அவளுக்குப் பத்துக்கு ஐந்து போட்டார்கள். பூஜ்யம் என் நோட்டுக்கு வந்தது. ஐந்து மதிப்பெண் என்னால் அவளுக்குப் போனது போனதுதான்.

மார்ச் 14, வெள்ளி

லேபில் அவள் வேறு டேபிளுக்கு மாறிவிட்டாள். மேடத்திடம் கேட்டு அந்த டைட்ரேஷனை மறுபடி செய்தேன். 18.6, 18.9, 18.6. மூன்றையும் எழுதினேன். போகும்போது பஸ் ஸ்டாப் வரை அவள் கூடவே நடந்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.