கிளிப் போடுவதற்கு முன் வீடியோவை நிறுத்துங்கள்

இரவு டியூட்டி முடித்து வந்து உட்காரும் அறுவைச் சிகிச்சை முதுநிலை மாணவரிடம் அறுபது ஸ்லைடுகளை ஓட்டிவிட்டு, ‘தூங்குகிறார்கள்’ என்று கோபித்துக்கொள்வதில் நியாயமில்லை. அதே ஆள் ஆபரேஷன் தியேட்டரில் மணிக்கணக்கில் கேமராவைப் பிடித்துக்கொண்டு விழிப்பாக நிற்கிறார். அடுத்து என்ன நடக்கும் என்பது அங்கே அவருக்கு முக்கியம். வகுப்பிலும் அந்த விழிப்பு வர வேண்டுமானால், விடையைச் சொல்வதற்கு முன்பே அவரை ஒரு முடிவெடுக்க வைக்க வேண்டும்.

லேப்ராஸ்கோபியில், அதாவது சிறு துளை வழியே கேமரா விட்டு, பித்தப்பை அகற்றுவதை எடுத்துக்கொள்வோம். ஒரு நிமிட வீடியோ போதும். மூலையில் நோயாளியின் பெயரோ எண்ணோ இருந்தால் முதலில் அழித்துவிடுங்கள், ஒலியையும் நீக்கிவிடுங்கள். வெட்டுவதற்கு முன் குழாயை அடைக்கும் கிளிப் கருவி உள்ளே வருவதற்குச் சற்று முன் நிறுத்தி, ‘இப்போது கிளிப் போடலாமா?’ என்று கேளுங்கள். ஒவ்வொருவரும் தனியாக, பேசாமல், ஒரு நிமிடத்தில் விடையை அட்டையில் எழுத வேண்டும். வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் மூன்றாமாண்டு மாணவர் முதலில் சொல்வார். முதலாமாண்டு மாணவர்கள் அதையே பிடித்துக்கொள்வார்கள். எழுதி முடித்த பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் அட்டையைத் தூக்கட்டும்.

அடுத்து என்ன செய்வது என்பதற்கு, ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூரின் முறை இங்கேயும் நன்றாகப் பொருந்தும். சரியான விடை 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால் நீங்கள் வாய் திறக்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு மூன்று நிமிடம் வாதாடச் சொல்லி, மறுபடி அட்டை தூக்கச் சொல்லுங்கள். 30-க்குக் கீழே என்றால் அடிப்படையே புரியவில்லை, விளக்குங்கள். 70-க்கு மேல் என்றால் நகர்ந்துவிடுங்கள்.

இதற்கு அப்புறம்தான் அறுவை மருத்துவர் ஸ்ட்ராஸ்பெர்க் 1995-இல் முன்வைத்த ‘கிரிட்டிக்கல் வியூ ஆஃப் சேஃப்டி’யை, அதாவது கிளிப் போடுமுன் கண்ணில் தெரிய வேண்டிய மூன்று நிபந்தனைகளை, திரையில் காட்ட வேண்டும். பித்தப்பைக்கும் கல்லீரலுக்கும் பித்தக் குழாய்க்கும் இடையே உள்ள முக்கோணப் பகுதியில் கொழுப்பும் நார்த்திசுவும் நீக்கப்பட்டிருக்க வேண்டும். பித்தப்பையின் கீழ் மூன்றில் ஒரு பங்கு கல்லீரல் படுகையிலிருந்து பிரிந்திருக்க வேண்டும். பித்தப்பைக்குள் இரண்டே இரண்டு அமைப்புகள் (பித்தப்பையின் குழாயான சிஸ்டிக் டக்ட், அதன் தமனி) மட்டும் நுழைவது தெரிய வேண்டும். மூன்றாவதை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். தவறவிடப்படுவது பெரும்பாலும் இரண்டாவதுதான். ‘இரண்டு குழாய் தெரிகிறதே’ என்ற நிம்மதியில்தான் பொதுப் பித்தக் குழாயை சிஸ்டிக் டக்ட் என்று நினைத்து வெட்டும் ஆபத்து இருக்கிறது. அதனால் பளிச்சென்று தெரியும் வீடியோவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். முன்பக்கம் எல்லாம் சரியாகத் தெரிந்து, பின்பக்கத்தைப் புரட்டும்போது திசு இன்னும் ஒட்டியிருக்கும் வீடியோதான் விவாதத்தைக் கிளப்பும். ‘போடக்கூடாது’ என்று சொன்னவரிடம் ‘சரி, அடுத்து என்ன செய்வீர்கள்?’ என்று கேளுங்கள். சீனியரைக் கூப்பிடுவதா, சோலாஞ்சியோகிராம் (பித்தக் குழாய்களின் எக்ஸ்ரே) எடுப்பதா, பித்தப்பையின் ஒரு பகுதியை மட்டும் அகற்றி நிறுத்துவதா, வயிற்றைத் திறந்து செய்வதா? முழு வகுப்பிலும் இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் ஒதுக்குவேன்.

கையில் செய்து பார்க்க, வயிற்றுச் சுவர் மூடுவது அருமையான பாடம். தடித்த ஃபோமில் 10 சென்டிமீட்டர் வெட்டு, ஆளுக்கு ஒரு ஊசி நூல், ஒரு ஸ்கேல். 2015-இல் வெளியான ஸ்டிச் ஆய்வில் காயத்தின் விளிம்பிலிருந்து 5 மில்லிமீட்டர், குத்துகளுக்கு இடையே 5 மில்லிமீட்டர் என்று தைக்கப்பட்ட நோயாளிகளில் ஓராண்டில் 13 சதவீதத்தினருக்குத் தழும்பில் குடலிறக்கம் வந்தது. 1 சென்டிமீட்டர் அளவில் தைக்கப்பட்டவர்களில் 21 சதவீதத்தினருக்கு வந்தது. ஒருவர் தைக்க, மற்றவர் அளக்கட்டும். ஆரம்ப நீளத்திலிருந்து மிச்சமான நூலையும் முடிச்சருகே வெட்டி எறிந்த துண்டுகளையும் கழித்தால் பயன்பட்ட நூல் கிடைக்கும். அது காயத்தின் நீளத்தைப் போல நான்கு மடங்காவது இருக்க வேண்டும். இழுத்து இறுக்கினால் விகிதம் குறையும், திசுவும் நெரிபடும். ஆனால் அகலமாகக் குத்தினாலும் நான்கு மடங்கு வந்துவிடும்! எனவே விகிதத்தை மட்டும் பார்த்துப் பாராட்டிவிடாமல், குத்துகளின் தூரத்தையும் ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.

முன்கூட்டியே படிக்கக் கொடுப்பது பத்து நிமிடத்தில் முடிய வேண்டும். அதை வகுப்பில் மறுபடி நடத்தவே கூடாது. நடத்தினால் படித்து வந்தவரும் அடுத்த வாரம் படிக்காமல் வருவார். வேகமாக அழுத்தினால் அதிக மதிப்பெண் தரும் வினாடி வினா செயலிகள் எனக்குப் பிடிக்காது. அறுவைச் சிகிச்சையில் அவசரத்துக்குப் பரிசு கொடுத்துப் பழக்கக்கூடாது. போன் அழைப்புகளை வாங்க ஒருவரை முறை வைத்து வெளியே உட்கார வையுங்கள்.

வகுப்பு முடிந்ததும் ‘நன்றாக இருந்தது’ என்று சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் காட்டியது இதுதான்: ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால், திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள், ஒரு வாரம் கழித்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். ஆகவே அடுத்த வகுப்பின் முதல் ஐந்து நிமிடம் போன வாரப் பாடத்துக்கு. வேறொரு நோயாளியின் வீடியோ, அதே கேள்வி, முதலாமாண்டு மாணவர் முதலில் பேச வேண்டும்.