எம்எக்ஸ்-5-ஐ ஆட்டோகிராஸுக்குத் தயார் செய்தது: கேபிள் டை காட்டிக்கொடுத்த உண்மை

ஆரம்பத்தில் எனக்கு இருந்த குறை ஒன்றுதான். மெதுவான வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டியின் மூக்கு திரும்பாது, முன்சக்கரங்கள் வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே போகும். அதைச் சரிசெய்ய ஆறு மாதம் ஆனது. அதில் இரண்டு மாதம் தவறான இடத்தில் தேடியே கழிந்தது. என்ன நடந்தது என்று எழுதி வைக்கிறேன், இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு அந்த இரண்டு மாதமாவது மிச்சமாகட்டும்.

வண்டி 1999 மாடல் மஸ்டா எம்எக்ஸ்-5. 1.8 லிட்டர் எஞ்சின், பின்சக்கர இயக்கம், முன்னும் பின்னும் டபுள் விஷ்போன் (ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம்கள் பிடிக்கும் சஸ்பென்ஷன்), சாதாரண ஓப்பன் டிஃபரன்ஷியல் (எஞ்சினின் இழுவையை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி). ஆட்டோகிராஸ் என்பது காலியான தளத்தில் கோன்களை வைத்துப் போட்ட பாதையில் நேரம் பார்த்து ஓட்டும் போட்டி, பெரும்பாலும் இரண்டாம் கியரிலேயே எல்லாம் முடிந்துவிடும். கோன்களுக்கு நடுவே ஒரு நிமிடத்துக்குள் ஒரு ஓட்டம், கோனைத் தட்டினால் கணக்கில் நேரம் கூடும். வேகம் குறைவுதான், ஆனால் வண்டி இடமும் வலமுமாகச் சாய்ந்துகொண்டே இருக்கும். நேராகப் போகிற நேரம் கொஞ்சம்தான்.

எதையும் மாற்றும் முன் ஓர் அளவுகோல் வேண்டும் என்று நினைத்தேன். ஓட்ட நேரத்தை மட்டும் நம்ப முடியாது. நாலாவது ஓட்டத்தில் நேரம் குறைந்தால், அது வண்டி மேம்பட்டதாலா, பாதை எனக்குப் பழகியதாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் காலியான தளத்தில் 15 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டுச் சுற்றி நேரம் பார்த்தேன், இரண்டு திசையிலும். ஆரத்தை 39.5-ஆல் பெருக்கி, சுற்று நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பக்கவாட்டு முடுக்கம் கிடைக்கும். தொடக்கத்தில் சுற்றுக்கு 8.4 விநாடி, அதாவது சுமார் 0.86 ஜி (ஒரு ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்). இனி எந்த மாற்றத்துக்கும் இந்த எண்தான் சாட்சி.

முதலில் டயர். ஓரத்தில் சாக்பீஸால் கோடு போட்டு ஓட்டினேன். முன்டயர்களில் கோடு பக்கச்சுவர் வரை அழிந்திருந்தது, அதாவது டயர் மடிந்து ஓரத்தில் உருள்கிறது. காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன், 2 பிஎஸ்ஐ ஏற்றியபின் கோடு தோள் வரை மட்டும் அழிந்தது. அப்புறம் கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாய்ந்திருக்கும் கோணம். ரசமட்டத்தை ரிம்மின் மேல் செங்குத்தாக வைத்து அளந்தேன். 400 மி.மீ. நீளத்தில் மேலும் கீழும் 7 மி.மீ. வித்தியாசம் வந்தால் ஒரு டிகிரி. முன்னால் அரை டிகிரிகூட இல்லை. உடல் சாயும்போது வெளிச்சக்கரமும் கூடவே சாய்ந்துவிடும், அதை ஈடுகட்ட சக்கரத்தின் மேல்பக்கத்தை முன்கூட்டியே உள்பக்கம் சாய்த்து வைக்க வேண்டும், அதுதான் மைனஸ் கேம்பர். முன்னால் மைனஸ் 1.8 டிகிரி, பின்னால் மைனஸ் 1.5 டிகிரி வைத்தேன். டோவை, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்விளிம்பு உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவை, நூல் கட்டி அளந்து, முன்னால் மொத்தம் 2 மி.மீ. வெளிப்பக்கமும் பின்னால் 2 மி.மீ. உள்பக்கமும் வைத்தேன். ஸ்டியரிங்கைத் தொட்டவுடன் மூக்கு திரும்பத் தொடங்கியது. வட்டம் 8.2.

இங்கே ஒரு தவறு செய்தேன். கேம்பரை மாற்ற, சக்கரத்தைக் கீழே பிடிக்கும் லோயர் ஆர்மின் கேம் போல்ட்டுகளை (திருப்பினால் ஆர்மை நகர்த்தும் போல்ட்டுகள்) தளர்த்த வேண்டும். அவற்றை வண்டி ஜாக்கில் தொங்கும்போதே இறுக்கிவிட்டேன். ஆர்மின் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே பிடித்துக்கொண்டது. சக்கரம் தரையில் ஊன்றியதும் புஷ் முறுக்கேறி, தானே ஒரு ஸ்பிரிங்காக வேலை செய்தது. ஒரு பக்கம் 8 மி.மீ. உயர்ந்து நின்றது. எல்லாவற்றையும் மறுபடி தளர்த்தி, சக்கரங்களைத் தரையில் ஊன்றி, என் எடைக்குச் சமமான மணல் மூட்டையை ஓட்டுநர் இருக்கையில் வைத்து, வண்டியை நாலைந்து முறை அமுக்கி விட்டு, பிறகு இறுக்கினேன். உயரம் சரியானது.

அடுத்தது காயிலோவர், அதாவது உயரத்தை மாற்றக்கூடிய, டேம்பரும் (ஷாக் அப்சார்பர்) அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் சேர்ந்த தொகுதி. முன்னால் மில்லிமீட்டருக்கு 7 கிலோ, பின்னால் 4 கிலோ ஸ்பிரிங். முன்னால் ஏன் இவ்வளவு அதிகம் என்று தோன்றலாம். ஸ்பிரிங் சக்கரத்தின் மேல் நேராக உட்காருவதில்லை, ஆர்மின் நடுவில் எங்கோ உட்காருகிறது. சக்கரம் அசையும் தூரத்தில் 0.7 பங்குதான் ஸ்பிரிங் அசைகிறது என்றால், சக்கரத்துக்குக் கிடைக்கும் விறைப்பு 0.7-இன் வர்க்கம், கிட்டத்தட்ட பாதிதான். இந்த விகிதம் முன்னும் பின்னும் ஒன்றல்ல. ஸ்பிரிங் எண்ணை மட்டும் பார்த்து முன்பின் சமநிலையைக் கணிக்க முடியாது.

பூட்டியதும் வண்டியை 45 மி.மீ. தாழ்த்தினேன். பார்க்க அழகாக இருந்தது. வட்டம் 8.3 ஆனது. விறைப்பான ஸ்பிரிங், குறைந்த சாய்வு, ஆனாலும் பிடி குறைந்திருந்தது. வளைவில் நுழையும்போது நன்றாக இருக்கும், நடுவில் திடீரென்று முன்பக்கம் தள்ளும்.

நான் ஆன்டி ரோல் பாரை, அதாவது இடது வலது சக்கரங்களை இணைத்து உடல் சாய்வைக் குறைக்கும் கம்பியை, சந்தேகப்பட்டேன். புத்தகப்படி பின் பாரை விறைப்பாக்கினால் அன்டர்ஸ்டியர், அதாவது முன்பக்கம் வெளியே தள்ளுவது, குறைய வேண்டும். பின் பாரைச் சக்கரத்தின் ஆர்மோடு இணைக்கும் லிங்கை உள்துளைக்கு மாற்றினேன், பார் விறைப்பானது. மூக்கு திரும்பியது உண்மை. ஆனால் வளைவிலிருந்து வெளியேறும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் உள்பக்கப் பின்சக்கரம் எடையிழந்து வெறுமனே சுழன்றது. ஓப்பன் டிஃபரன்ஷியலில் அந்த ஒரு சக்கரம் சுழன்றால் மொத்த இழுவையும் போச்சு. ஸ்லாலமில், அதாவது வரிசையான கோன்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓட்டும் பகுதியில், வால் பட்டென்று வெளியே போனது. இரண்டு மாதம் இந்த இரண்டு துளைகளுக்கு நடுவே மாறி மாறி அலைந்தேன்.

கடைசியில் உண்மையைக் காட்டியது ஒயர்களைக் கட்டும் ஒரு சாதாரண பிளாஸ்டிக் கேபிள் டை. டேம்பர் தண்டில் அதை இறுக்கிக் கட்டி, கீழே தள்ளி வைத்து, ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு வந்து பார்த்தேன். முன்னால் இரண்டு பக்கமும் டை பம்ப் ஸ்டாப்பில் (சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது தடுக்கும் ரப்பர் தடுப்பு) முட்டி நின்றது. அதாவது வளைவின் நடுவில் வெளிச்சக்கரம் ஸ்பிரிங்கின் மேல் இல்லை, பம்ப் ஸ்டாப்பின் மேல் நின்றுகொண்டிருந்தது. அது தொட்ட நொடியில் முன்பக்க விறைப்பு பல மடங்காகிறது, எடை மாற்றத்தின் பெரும்பங்கை முன்டயர்களே சுமக்கின்றன, முன்பக்கம் தள்ளுகிறது. பாரில் எந்தக் குறையும் இல்லை. இந்த வண்டியில் அமுங்கும் தூரமே குறைவு, அதையும் நான் தாழ்த்தி விழுங்கிவிட்டிருந்தேன்.

20 மி.மீ. உயர்த்தினேன். உயரம் மாறினால் கேம்பரும் டோவும் மாறும், அவற்றையும் பழைய எண்ணுக்குக் கொண்டுவந்தேன். பின் பார் பழைய துளைக்கே போனது. டை இப்போது ஸ்டாப்புக்கு 12 மி.மீ. முன்னாலேயே நின்றது. வட்டம் 8.1, சுமார் 0.92 ஜி. அந்தச் சாயங்காலம் எனக்கு இருந்த சந்தோஷம் எந்த ஓட்ட நேரத்திலும் கிடைத்ததில்லை.

பிறகுதான் முன் பாரை 22-லிருந்து 24 மி.மீ.க்கு மாற்றினேன். விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுவதால், 2 மி.மீ. கூடினாலே சுமார் 40 சதவீதம் கூடிவிடுகிறது. முன்பக்கத்தை விறைப்பாக்கினால் அன்டர்ஸ்டியர் கூடும் என்பது பாடம். இங்கே நடந்தது வேறு. சாய்வு குறைந்ததால் முன்டயர் தரையோடு நேராக உட்கார்ந்தது, உள்பக்கப் பின்சக்கரமும் தரையை விடவில்லை. எல்லா வண்டிக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், சாய்வால் இழந்த பிடியும் வீணாகச் சுழன்ற பின்சக்கரமும் சேர்ந்தே இருந்ததால் இந்த வண்டிக்குப் பொருந்தியது.

டேம்பர் ரீபவுண்டை, அதாவது அமுங்கிய சஸ்பென்ஷன் திரும்ப விரிவதை எவ்வளவு தடுப்பது என்ற அமைப்பை, எப்போதும் முழு இறுக்கத்திலிருந்து பின்னோக்கி, திருகும் கிளிக்குகளாக எண்ணுகிறேன். ஸ்லாலமில் முன்னால் 10, பின்னால் 14 கிளிக்கில் உடல் பக்கம் மாறுவது கையோடு ஒத்துப்போகிறது. இன்னும் இறுக்கிப் பார்த்தேன், தளத்தின் சிறு மேடுகளில் சக்கரம் தரையைத் தொடாமல் துள்ளியது. விட்டுவிட்டேன்.

போன வாரம் பழைய அமைப்பு, புதிய அமைப்பு, மறுபடி பழையது என்று மூன்று தொகுதியாக ஓட்டினேன், பாதை பழகியது கணக்கில் கலக்காமல் இருக்க. ஒரு நாளில் மாற்ற முடிகிற கிளிக்கும் காற்றும் மட்டும்தான் இந்தச் சோதனையில். புதிய அமைப்பில் சராசரி 0.4 விநாடி குறைவு, மூன்றாம் தொகுதியில் நேரம் மறுபடி ஏறியது. வட்டம் இப்போது 8.0. அடுத்து நான்கு சக்கரத்தின் எடையையும் தராசில் பார்க்க வேண்டும். இடது வட்டம் வலதைவிட இன்னும் 0.1 விநாடி மெதுவாக இருக்கிறது.