மணல் பம்ப்பின் இம்பெல்லரை ஹை-குரோம் இரும்புக்கு மாற்றிய அனுபவம்

மணலும் தண்ணீரும் கலந்த குழம்பை இறைக்கும் பம்ப் எங்களுடையது. உள்ளே சுழன்று குழம்பைத் தள்ளும் பிளேடு சக்கரமான இம்பெல்லர் மாங்கனீஸ் ஸ்டீலில் இருந்தது, சீக்கிரமே தேய்ந்து பிளேடு ஓரம் தகடாகிவிடும். மாங்கனீஸ் ஸ்டீல் மட்டமான உலோகம் இல்லை, கல் உடைக்கும் கிரஷரில் அதை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் பலமான அடி விழ விழத்தான் அதன் மேற்பரப்பு இறுகும். மெல்லிய மணல் வெறுமனே உரசிக்கொண்டு ஓடுகிற இடத்தில் அது இறுகவே வாய்ப்பில்லை.

சரி, உராய்வுக்கென்றே உள்ள வெள்ளை வார்ப்பிரும்புக்குப் போவோம் என்று முடிவானது. அதிலேயே 4 சதவீத நிக்கல் கலந்த நி-ஹார்டு என்ற வகை விலை குறைவு என்று சிலர் சொன்னார்கள். அதில் தேய்மானத்தைத் தாங்குவது இரும்பும் கார்பனும் சேர்ந்த இரும்புக் கார்பைடு, மணலில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் அதற்குச் சமமான கடினம் உள்ளது. குரோமியம் கார்பைடோ குவார்ட்ஸைவிடக் கடினம். அதனால் 27 சதவீத குரோமியம், 2.7 சதவீத கார்பன் என்று வரைபடத்திலேயே எழுதிக் கொடுத்தோம். வார்த்த பிறகு இதில் துளை போடுவது பெரும்பாடு என்பதால், மரை வரவேண்டிய இடத்தில் சாதாரண ஸ்டீல் துண்டை அச்சிலேயே வைத்து வார்க்கச் சொன்னோம்.

வார்ப்பு வந்ததும் கடினத்தைச் சோதித்தால் ராக்வெல் சி என்ற கடின அளவில் 50-ஐத் தாண்டவில்லை, நாங்கள் கேட்டது 58. ஹீட் ட்ரீட்மென்ட் முடிந்துவிட்டது என்றே ஃபவுண்டரியில் அடித்துச் சொன்னார்கள். காந்தத்தை வைத்துப் பார்த்தோம், பட்டும் படாமலும் ஒட்டியது. அப்படியென்றால் உள்ளே காந்தம் ஒட்டாத, கடினம் குறைந்த இரும்பு அமைப்பான ஆஸ்டெனைட் நிறைய மிச்சம் இருக்கிறது, வார்த்த நிலையிலேயே அனுப்பிவிட்டார்கள். இதை வாங்குபவர்கள் இந்த ஒரு இடத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது, கலவை எவ்வளவு சரியாக இருந்தாலும் பாதி வேலை உலையில்தான் நடக்கிறது.

திருப்பி அனுப்பி, இந்த முறை நாங்களும் கூடவே நின்றோம். 650 டிகிரி வரை அவசரமே இல்லாமல் ஏற்ற வேண்டும், வேகமாக ஏற்றினால் தடித்த பகுதிக்கும் மெல்லிய பிளேடுக்கும் நடுவே விரிசல் விழும். அப்புறம் 1000 டிகிரிக்குக் கொண்டுபோய் சில மணி நேரம் வைத்தார்கள். ஆஸ்டெனைட்டில் கரைந்திருக்கும் கார்பன் அந்த நேரத்தில்தான் பொடிப்பொடிக் கார்பைடாகப் பிரிகிறது, அது பிரிந்தால்தான் ஆறும்போது காந்தம் ஒட்டும் கடினமான அமைப்பான மார்டென்சைட் கிடைக்கும். ஆற்றியது ஃபேன் காற்றில், தண்ணீரில் போட்டால் வெடித்துவிடும். கடைசியாக உள் இறுக்கம் தளர 230 டிகிரியில் மறுபடி சூடாக்கும் டெம்பரிங். இப்போது காந்தம் டப்பென்று ஒட்டியது, அளவு 60.

மாட்டும்போது சுத்தியலை அண்டவிடவில்லை, கொஞ்சம் ஓங்கித் தட்டினாலும் பிளேடு சில்லாகத் தெறிக்கும். உடைந்தால் வெல்டிங் வைத்து ஒப்பேற்றவும் முடியாது.

பழைய இம்பெல்லரைக் கழற்றிப்போடும் காலம் கடந்த பிறகு திறந்து பார்த்தோம். பிளேடு ஓரம் அப்படியே கனமாக இருந்தது. இப்போது முதலில் தேய்வது பம்ப்பின் உள்சுவரைக் காக்கும் உறையான லைனர்தான், அதையும் இதே கலவையில் வார்க்கச் சொல்லியாகிவிட்டது, உலைக்குப் போகும் நாளை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.